ஹனா, துல், செட்… பேத்தி எண்ணிய எண்ணிக்கைக்குள் ஒரு நாட்டின் வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கோடை விடுமுறைக்குச் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். ஏழாம் வகுப்பு முடித்த பேத்தி தினமும் மாலையில் மொட்டைமாடியில் காலைத் தூக்கி உதைத்துப் பழகுவாள். ஒவ்வொரு உதைக்கும் ஒரு எண்ணிக்கை: "ஹனா, துல், செட், நெட், தாசொத்…"

"இது என்ன பாஷை கண்ணு?" என்று கேட்டேன்.

"கொரியன் தாத்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நான் ஹாப்கிடோ கத்துக்கிறேன்ல" என்றாள்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடுவிச்சுக்கோங்க பார்க்கலாம்" என்றாள். நானும் இழுத்தேன். வரவில்லை. அவள் சிரித்துவிட்டு, "இப்ப நீங்க பிடிங்க" என்றாள். கெட்டியாகப் பிடித்தேன். அவள் இழுக்கவே இல்லை. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, என் கட்டைவிரல் இருந்த பக்கமாகக் கையைத் திருப்பினாள். என் பிடி தானாக விட்டுப்போனது. நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம். பிடியின் பலவீனமான வாசல் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு வயதாகியும் எனக்குத் தெரியாமல் போயிற்று!

அன்றிலிருந்து இந்தக் கலையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நான் வரலாற்று அறிஞன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவன். படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஹாப்கிடோ என்பது மூன்று சொற்கள். 'ஹாப்' என்றால் இணைதல். 'கி' என்றால் உயிராற்றல். மூச்சு என்றும் சொல்லலாம். 'டோ' என்றால் வழி, நெறி. ஆற்றலை இணைக்கும் நெறி என்று பொருள் கொள்ளலாம்.

இதன் தத்துவத்தையும் மூன்று சொற்களில் அடக்கிவிட்டார்கள். முதலாவது 'ஹ்வா', அதாவது இசைவு. வருகிற பலத்தை நம் பலத்தால் முட்டக் கூடாது. எதிராளி தள்ளினால் இடம் கொடுத்து, அவன் வேகத்தையே நமக்கு உதவியாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது 'வொன்', அதாவது வட்டம். நேராக வருவதை நேராக நிறுத்தாமல் வளைத்துத் திருப்பிவிடுவது. மூன்றாவது 'யு', அதாவது ஓட்டம். பாறையைக் கண்ட தண்ணீர் நின்றுவிடுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு முறை பலிக்காவிட்டால் அதிலேயே நிற்காமல் அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வேண்டும். பேத்தி என் கையில் செய்து காட்டியது இந்த மூன்றும்தான்.

பயிற்சிக்கூடத்துக்கு 'தோஜாங்' என்று பெயர். உடை 'தோபொக்'. ஆசிரியர் 'சபொம்நிம்'. கடைசியில் வரும் 'நிம்' நம்முடைய 'அவர்கள்' போன்ற மரியாதை விகுதி. 'சர்யொத்' என்றால் நேராக நில். 'க்யொங்ன்யே' என்றால் வணங்கு. அடிக்கும்போது வயிற்றிலிருந்து எழுப்பும் ஓங்கிய குரல் 'கிஹாப்'. கவனித்தீர்களா? கலையின் பெயரில் உள்ள அதே இரண்டு சொற்கள், இடம் மாறி நிற்கின்றன.

ஆரம்பப் பாடங்களில் ஒன்று 'நக்பொப்'. விழும் முறை. தலை தரையில் மோதாமல் மோவாயை மடக்கிக்கொண்டு, கையால் தரையைத் தட்டி, அதிர்ச்சியைப் பரவவிட்டு விழ வேண்டும். அடிப்பதற்கு முன் விழக் கற்றுத்தருகிற பாடத்திட்டம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்னொன்றும் பிடித்தது. இந்தக் கலையில் 'ஜிபாங்இ' என்று ஒரு ஆயுதம் உண்டு. வேறொன்றுமில்லை, கைத்தடி! என்னைப் போன்றவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கொரியாவில் பிறந்த சோய் யோங்சுல் என்பவர், சுமார் எட்டு வயதில் ஒரு ஜப்பானிய வியாபாரியால் ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகச் சொன்னார். அங்கே 'தைதோ ரியு' என்ற தற்காப்புக் கலையின் பேராசான் தகேதா சோகாகுவின் வீட்டில் முப்பது ஆண்டுகள் இருந்து கற்றதாகவும் சொன்னார். தகேதா தம்மிடம் கற்றவர்களின் பெயர்களை ஏட்டில் பதிந்து வைப்பவர். அந்த ஏடுகளில் சோயின் பெயர் கிடைக்கவில்லை. அதனால் அவர் அங்கே எந்த நிலையில் இருந்தார் என்பது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அவர் கற்றுத்தந்த மூட்டுப் பிடிகளும் எறிமுறைகளும் அந்த ஜப்பானியக் கலையோடு நெருங்கிய உறவுடையவை என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் அவர் நாடு திரும்பி தேகு நகரில் குடியேறினார். பன்றி வளர்த்தார். 1948-இல் ஒரு மதுவடிசாலைக்குப் பன்றித் தீவனத்துக்காகப் போன இடத்தில் தகராறு. தாக்க வந்தவர்களை அவர் சமாளித்த விதத்தை, வடிசாலை முதலாளியின் மகன் சோ பொக்சொப் மாடியிலிருந்து பார்த்தார். உடனே மேலே அழைத்து, தனக்குக் கற்றுத்தரும்படி கேட்டார். அவர்தான் முதல் மாணவர். பின்னால் வந்த மாணவர்களில் ஜி ஹான்ஜே என்பவர் உதைமுறைகளைச் சேர்த்து, ஹாப்கிடோ என்ற பெயரைப் பரப்பினார். புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்தில் அவரோடு மோதுகிறவர்களில் இவரும் ஒருவர்.

இங்கே ஒரு சுவாரசியம். ஹாப்கிடோவும் ஜப்பானின் ஐகிடோவும் சீன எழுத்தில் ஒரே மூன்று எழுத்துகள்தான். ஐகிடோவை உருவாக்கிய உயேஷிபாவும் தகேதாவின் மாணவரே. அதே எழுத்துகளை ஜப்பானியர் ஐ-கி-டோ என்று வாசிக்கிறார்கள், கொரியர் ஹாப்-கி-டோ என்று வாசிக்கிறார்கள். ஜப்பானியரின் 'டோஜோ'வும் கொரியரின் 'தோஜாங்'கும் அப்படியே.

அப்படியானால் கொரியருக்கே உரியது எது? பேத்தி எண்ணிய எண்ணிக்கை!

கொரிய மொழியில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஹனா, துல், செட் என்பவை அவர்களின் சொந்தச் சொற்கள். இல், இ, சாம் என்பவை சீனத்திலிருந்து வந்தவை. மணி சொல்லும்போது மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண்! நாமும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே திதிக்கு மட்டும் பிரதமை, துவிதியை என்கிறோமே, அது போலத்தான். பயிற்சிக்கூடத்தில் கறுப்புப் பட்டையின் படிநிலைகளுக்குச் சீன எண். உதைகளை எண்ணுவதற்குச் சொந்த எண். உதை 'சாகி', எறிதல் 'தொன்ஜிகி', மூட்டை மடக்குவது 'க்கொக்கி'. இவையும் சொந்தச் சொற்களே. தத்துவச் சொற்கள் சீன வேரிலிருந்து வந்தன. நுட்பம் ஜப்பான் வழியாக வந்தது. கையும் காலும் செய்கிற வேலைக்கு மட்டும் அம்மா சொல்லித்தந்த சொற்கள்.

இது சிறிய விஷயம் அல்ல. 1938-க்குப் பிறகு கொரியப் பள்ளிகளில் கொரிய மொழிப்பாடம் படிப்படியாக இல்லாமல் ஆக்கப்பட்டது. 1940 முதல் மக்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். 1942-இல், கொரிய அகராதி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக் கழகத்தினரைக் கைது செய்தார்கள். அவர்களில் இருவர் சிறையிலேயே இறந்தார்கள். பறிமுதலான கையெழுத்துப்படி, விடுதலை கிடைத்த அடுத்த மாதம், 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது. முதல் தொகுதி 1947-இல் அச்சானது. ஆறு தொகுதிகளும் முடிய 1957 ஆயிற்று.

வகுப்பறையில் தாய்மொழி பேசினால் தண்டனை பெற்ற தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் அடுத்த சில ஆண்டுகளில் ஆண்டவனிடமிருந்து வந்த கலையைத் தன் மொழியில் எண்ணத் தொடங்கியது. ஒரு ஆசிரியனாக இதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். ஆண்டவனிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. அதனால் சில நூல்கள் இந்தக் கலைகளை நேராகப் பழைய சில்லா அரசின் ஹ்வாராங் வீரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. நடுவில் உள்ள ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே இருக்காது.

இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு என் தவறு நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கிழக்காசியத் தற்காப்புக் கலைகள் எல்லாமே காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் தந்தவை என்று ஒரு செய்தியை அனுப்பியிருந்தேன். பேத்தி உடனே, "ஆதாரம் என்ன தாத்தா?" என்று கேட்டிருந்தாள். நான் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். இப்போது தேடிப் பார்த்தேன். போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீனக் குறிப்புகளில் சண்டைப் பயிற்சி பற்றி ஒன்றுமே இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆதாரம் கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னிடம் கேட்டபோது பதில் இல்லை.

அந்தச் செய்தியை நான் அனுப்பியது தவறு என்று அதே குழுவில் எழுதிவிட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டார். பரவாயில்லை. வாங்கியதை வாங்கியது என்று சொல்வதால் யாருக்கும் பெருமை குறைந்துவிடாது. தகேதாவின் பெயரைச் சொல்வதால் ஹாப்கிடோ ஜப்பானியக் கலை ஆகிவிடவில்லை. அதை எண்ணுகிறவர்கள் ஹனா, துல் என்றுதான் எண்ணுகிறார்கள்.

ஊர் திரும்பும் நாள் காலையில் பேத்தியிடம், "நீ ஏன் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணக் கூடாது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "எங்க இருந்து வந்துச்சுன்னு மறக்காம இருக்கத்தான் தாத்தா" என்றாள்.

எனக்கு வேறு கேள்வி இல்லை. இப்போது காலையில் கைத்தடியோடு நடக்கும்போது நானும் பத்து வரை எண்ணிப் பழகுகிறேன். யொதொல், அஹொப், யொல் வரும்போது மட்டும் நாக்கு தடுக்குகிறது. பதிவில் தவறு ஏதும் இருந்தால், ஆதாரத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.