கேமரா காட்டும் கை, கோப்பு காட்டும் காரணம்: பணியிடக் கொலை வழக்குகளில் சாட்சிய மதிப்பீட்டின் வரலாறு

வேலை பார்க்கும் இடத்திலேயே ஒருவர் கொல்லப்பட்டால் நீதிமன்றத்தின் முன் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. வெட்டியது யார்? ஏன் வெட்டினார்? முதல் கேள்விக்கு இன்று சுவரில் மாட்டிய கேமரா பல நேரங்களில் பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாவதற்கான பதில் பழைய புகார் மனுவிலும், பணிநீக்க உத்தரவிலும், கொடுக்கல் வாங்கல் கணக்கிலும் கிடக்கிறது. காட்சிப்பதிவு வந்தபின் கொலைக்கான நோக்கம் இரண்டாம்பட்சமாகிவிட்டது என்று வழக்கறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். தமிழ்நாட்டு வழக்குகளை வரிசையாகப் படித்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. வெட்டிய கையை அடையாளம் காட்டுவதில் நோக்கத்தின் எடை குறைந்திருக்கிறது. ஏவியவரைத் தேடும் இடத்தில் அது குறையவே இல்லை.

கொலையில் மனநிலையை எடைபோடும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. வேட்டையில் குறி தவறியும், கருதாமல் நேர்ந்த அடியாலும் இறந்தவர்களைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகள் சில உள்ளன. ஊரார் கூடி விசாரித்து, கொல்லும் கருத்து இல்லை என்று கண்டால், உயிருக்கு உயிர் கேட்காமல் கோயிலில் விளக்கெரிக்க ஆடுகளைக் கொடுக்கும்படி விதித்திருக்கிறார்கள். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்கால வழக்கம்.

நாம் இன்று பின்பற்றும் முறை 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதன் 8-ஆம் பிரிவு நோக்கம், ஆயத்தம், நடத்தை மூன்றையும் பொருத்தமுடைய பொருண்மைகளாக ஏற்றது. இதிலிருந்து நீதிமன்றங்கள் ஒரு நடைமுறையை வளர்த்தெடுத்தன. நம்பத்தகுந்த நேரடிச் சாட்சி இருந்தால் நோக்கத்தை மெய்ப்பிக்கத் தவறினாலும் வழக்கு விழாது. சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டுமே நம்பிய வழக்கில் நோக்கம் சங்கிலியின் முக்கியக் கண்ணி. அது இல்லாமற்போனால் எதிரிக்குச் சாதகம். நோக்கம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது மட்டுமே தண்டனைக்குப் போதாது.

இதற்குப் பழைய எடுத்துக்காட்டு சென்னையிலேயே உண்டு. சிறுவயது ஜமீன் வாரிசுகள் படித்த நியூயிங்டன் விடுதியின் தலைவர் டி லா ஹே, 1919 அக்டோபரில் அந்த வளாகத்திலிருந்த தம் இல்லத்தில் உறங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அது வீடும் பணியிடமும்தான். தமிழரை அவர் இழிவாகப் பேசினார் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் இளைஞர்கள் இருவர் குற்றம் சாட்டப்பட்டனர். சிங்கம்பட்டியார் அப்ரூவர் ஆனார். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. முடிவில் கடம்பூரார் விடுதலையானார். நோக்கமும் கூட்டாளி ஒருவரின் வாக்குமூலமும் சேர்ந்தும் அங்கே வழக்கைத் தாங்கவில்லை.

85 ஆண்டு கழித்து, 2004 செப்டம்பர் 3 அன்று, காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கோயில் வளாகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சங்கர மடத்தைக் கண்டித்து வேறு பெயரில் எழுதப்பட்ட கடிதங்கள்தான் கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பு வழக்கு. அந்த ஆண்டு நவம்பரில் அந்த மடத்தின் தலைவர் ஜெயேந்திர சரஸ்வதி கைதானார். விசாரணையை உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டதில் 83 பேர் பிறழ்சாட்சிகளானார்கள். 2013 நவம்பர் 27 அன்று எல்லோரும் விடுதலை.

இந்த வழக்கு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கொலையைக் காட்டும் பதிவு ஏதும் வழக்கில் இல்லை. நோக்கத்துக்கு எழுத்துச் சான்று இருந்தது. செயலுக்கு மனிதக் கண்களே சான்று. சாட்சிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பின்வாங்கியபின் கடிதங்களை வைத்துக்கொண்டு நீதிமன்றம் என்ன செய்ய முடியும்? கடிதம் கோபத்துக்குச் சான்றாகலாம். அரிவாள் பிடித்தவரை அது சொல்லாது. மாலையில் கோயிலுக்குள் வேலையிலிருந்த ஒருவரைக் கொன்றவர் யார் என்பது சட்டத்தின் முன் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அவர் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அநீதி என்பதை எந்த ஆய்வும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

பின்வாங்காத சாட்சி என்ற நம்பிக்கையோடுதான் கேமரா நீதிமன்றத்துக்குள் வந்தது. ஒலிநாடாவை ஏற்பதற்கான நெறிகளை உச்ச நீதிமன்றம் 1960-களிலிருந்தே வகுத்துவந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவைச் சேர்த்தது. நகல் எடுத்துத் தரப்படும் மின்னணுப் பதிவுடன் அதற்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் வேண்டும் என்றது அப்பிரிவு. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், 2005-இல், சான்றிதழ் இல்லாமலும் வேறு வழியில் மெய்ப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் தீர்ப்பு, சான்றிதழ் கட்டாயம் என்று திருப்பியது.

2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு நகைக்கடைக் கொலை வந்தது. கடைக்குள் இருந்தவர் கொல்லப்பட்ட காட்சி கடையின் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டாலும், அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் கூண்டேறிச் சாட்சி சொன்னால் போதும் என்று நீதிமன்றம் கருதியது. நடைமுறை அறிந்த பார்வை அது. ஆனால் 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, சென்னைத் தீர்ப்பின் பெயரைச் சொல்லியே அக்கருத்தை நிராகரித்தது. மூலக் கருவியையே கொண்டுவந்து உரிமையாளர் சாட்சி சொன்னால் சான்றிதழ் வேண்டாம். நகல் என்றால் கட்டாயம் வேண்டும். சான்றிதழ் தர வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தின் வழியே கேட்டுப் பெறலாம் என்ற வாசலையும் அதே தீர்ப்பு திறந்துவைத்தது.

பதிவு ஏற்கப்படுவது பாதி வேலைதான். அதை எடைபோடுவது இன்னொரு வேலை. பெரும்பாலான கடைக் கேமராக்களில் ஒலி கிடையாது. பட்டறையில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வாய்த்தகராறு முற்றிக் கொலையில் முடிந்தால், திடீர்ச் சினமூட்டலா, திட்டமிட்டதா என்பதைப் பொறுத்தே அது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா என்று முடிவாகும். படத்தில் வாய் அசைகிறது; சொல் கேட்பதில்லை. அங்கே நோக்கத்தைப் பற்றிய சாட்சியம்தான் படத்துக்குப் பொருள் தருகிறது. வெட்டு விழும் நொடியைவிட அதற்கு முந்தைய பத்து நிமிடம் பல வழக்குகளில் முக்கியம் என்பேன். வரும்போதே ஆயுதத்தோடு வந்தாரா, மேசையில் கிடந்ததை எடுத்தாரா?

கோகுல்ராஜ் என்ற இளைஞர் கொல்லப்பட்ட வழக்கு பணியிடக் கொலை அன்று. ஆனாலும் பதிவின் வலிமையை அதைப்போல் காட்டிய வழக்கு தமிழ்நாட்டில் குறைவு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் கேமராவில் அவரும் தோழியும் பதிவாகியிருந்தனர். தோழி பிறழ்சாட்சியானார், உயர் நீதிமன்றமே அழைத்துப் பதிவைக் காட்டியபோதும் அது தாம் இல்லை என்றார். நீதிபதிகள் சம்பவ இடங்களை நேரில் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனை உறுதியானது. சாதியை நோக்கமாகக் கண்ட வழக்கில், மனிதச் சாட்சி சாய்ந்த இடத்தில் பதிவு நின்றது.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கர் என்ற இளைஞர் கொல்லப்பட்டதை நாடே காட்சியாகப் பார்த்தது. தாக்கியவர்களைப் பதிவு காட்டியது. ஏவியதாகச் சொல்லப்பட்ட, சங்கரின் மனைவியுடைய தந்தையை, சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கேமராவின் எல்லை இங்கே துல்லியமாகத் தெரிகிறது.

பணியிடத்துக்குத் திரும்பினால், 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணி மணல் கடத்தலைக் குறித்து அவர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். அந்தச் செப்டம்பரிலேயே இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நோக்கம் இங்கே ஊர்ப்பேச்சாக இல்லாமல், கொலைக்கு முன்பே தேதியோடு காவல் நிலையத்தில் பதிவான ஆவணமாக இருந்தது. நேர்மையான ஓர் ஊழியர் தம் கடமையைச் செய்ய எழுதிய தாளே அவர் கொலைக்கான காரணத்தைச் சொல்லும் சான்றாயிற்று.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம் நடப்பில் உள்ளது. அதன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இரு பகுதிகள் கொண்டது: ஒன்றைப் பதிவுக்குப் பொறுப்பானவரும் மற்றொன்றை வல்லுநரும் கையொப்பமிட வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். தேடுதலையும் கைப்பற்றலையும் படம்பிடிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டையைச் சேர்ந்த திருக்கோகர்ணத்தில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ இப்படியொரு கொலை நடந்ததாகக் கொள்வோம். உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவாகும் அவ்வழக்கு புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் வழியாக மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் முன், காட்சிகள் சேமிக்கப்படும் டி.வி.ஆர். பெட்டியை எடுக்க வேண்டும், அதன் கடிகாரம் எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பதை மகஜரில் எழுத வேண்டும். அதே நாளில் கொல்லப்பட்டவரின் மேசை இழுப்பறை, வருகைப் பதிவேடு, அவர் அனுப்பிய புகார்களின் நகல், மேலதிகாரிகளின் பதில்கள் ஆகியவற்றையும் முத்திரையிட்டுக் கைப்பற்ற வேண்டும். சான்றிதழுக்குச் சட்டம் தனிப் படிவம் வகுத்திருக்கிறது. இழுப்பறையில் கிடக்கும் புகார் நகலுக்கு அப்படியொரு படிவம் இல்லை. அதைத் தேடி எடுப்பது இன்றும் அந்த விசாரணை அதிகாரியின் அக்கறையைப் பொறுத்தே இருக்கிறது.