மான் வேட்டைக்கு ஓர் இலக்கணம்

பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் ஓர்த்தெஸ் என்னும் ஊர் உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் ஃபுவா நாட்டுப் பிரபுவும் பேயார்ன் நாட்டுத் தலைவருமான மூன்றாம் காஸ்தோன் அவ்வூர்க் கோட்டையிலிருந்து ஆட்சி செலுத்தினார். தமது பொன்னிற முடியின் காரணமாகச் சூரிய தேவனின் பெயரை ஏற்று, காஸ்தோன் ஃபேபூஸ் என வழங்கப்பெற்றவர் அவர். 1387ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் ஒரு நூலை எழுதத் தொடங்கினார். 'வேட்டை நூல்' என்பதே அதன் பெயர். போர், காதல், வேட்டை ஆகிய மூன்றிலும் தாம் வாழ்நாள் முழுவதும் இன்பம் கண்டதாகவும், முன்னிரண்டில் தம்மினும் வல்லார் பலர் உண்டு என்றும், மூன்றாவதில் தமக்கு ஆசான் எவரும் இல்லை என்றும் முகவுரையிலேயே அவர் கூறிவிடுகிறார். அவையடக்கம் பாதியும் பெருமிதம் பாதியுமான இத்தொடக்கம் நூலின் போக்குக்கு மிகவும் பொருந்துகிறது.

விலங்குகளின் இயல்பு, நாய்களின் வளர்ப்பு, நாய்களைக் கொண்டு வேட்டையாடும் முறை, வலையும் பொறியும் வைத்துப் பிடிக்கும் முறை என நூல் விரிகிறது. இறுதிப் பகுதியை ஆசிரியர் மனமின்றியே எழுதுகிறார். பொறி வைத்துக் கொல்வது வேட்டைக்காரனுக்கு அழகன்று என்பது அவர் கொள்கை. இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது, வேட்டைக்காரனை எந்த வயதில், எவ்வாறு உருவாக்க வேண்டும் என்று அவர் வகுத்துள்ள விதிகளேயாகும்.

ஏழு வயதளவிலேயே சிறுவனைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறார் ஃபேபூஸ். இவ்வளவு இளம் பிள்ளையையா என்று கேட்போர்க்கு, இக்கலையில் தேர ஒரு முழு வாழ்நாள் வேண்டும் என்றும், இளமையிற் கற்றதே நிலைக்கும் என்றும் விடை தருகிறார். சிறுவன் கையில் முதலில் தரப்படுவது வில்லுமன்று, ஈட்டியுமன்று, ஒரு பட்டியல். பிரபுவின் வேட்டை நாய்கள் அனைத்தின் பெயர்களும் நிறங்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். நிறத்தைக் கண்டால் பெயரும், பெயரைக் கேட்டால் நிறமும் தோன்றும் அளவுக்கு அவன் மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு நாள்தோறும் நாய்ப்பட்டியைத் துப்புரவு செய்ய வேண்டும்; படுக்கை வைக்கோலை மாற்ற வேண்டும்; காலையும் மாலையும் புதுத் தண்ணீர் வைக்க வேண்டும். நாய்களை இணைத்துக் கட்டும் கயிற்றைக் குதிரை வால்மயிரால் திரிக்கவும் பழக வேண்டும். இரவில் நாய்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டால் விலக்கிவிட ஆள் வேண்டுமாதலால், அவன் உறங்குவதும் அவற்றுடனேதான். தவறினால் அடி உண்டு. தவறுவதற்கே அஞ்சும் வரை அடிக்க வேண்டும் என்று நூல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அக்காலத்தின் கல்விமுறை அது. அதனை இன்று மென்மையாக்கிக் காட்ட வேண்டிய தேவையில்லை.

இப்படிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மான் வருகிறது. அப்போதும் அம்பெய்வது பாடமன்று, அறிவதே பாடம். குளம்படியைப் பார்த்து ஆணா பெண்ணா, இளையதா முதியதா என்று சொல்லப் பழக வேண்டும். மரப்பட்டையில் கொம்பு உராய்ந்த வடு எந்த உயரத்தில் இருக்கிறது, படுத்தெழுந்த புல் எவ்வளவு அகலத்துக்கு மடிந்திருக்கிறது, புதருக்குள் நுழைந்தபோது கிளைகள் எங்கே விலகின, பிழுக்கை எத்தன்மையது என்பவற்றுக்குத் தனித்தனியே அத்தியாயங்கள் உள்ளன. ஒரு குறியை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது என்பது இவ்வடுக்கு முறையிலேயே அடங்கியிருக்கிறது. வேட்டை நாளன்று விடியுமுன் மோப்ப நாயைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு தேர்ந்தவன் ஒருவன் காட்டினுள் செல்வான். மானைக் கலைக்காமல் அது தங்கிய இடத்தை அறிந்து, சிறு கிளைகளை ஒடித்து அடையாளமிட்டுத் திரும்புவான். எடுத்த பிழுக்கையைத் தன் ஊதுகொம்பினுள் இட்டுப் புல்லால் அடைத்துக் கொணர்ந்து, காலை விருந்துக்குக் கூடியிருக்கும் பிரபுவின் முன் வைப்பான். அதனைப் பார்த்தே அன்று எந்த மானைத் தொடர்வது என்று முடிவாகும். கொம்பில் பத்துக் கிளைகளேனும் இல்லாத இளங்கலை மதிப்புடைய வேட்டையாகக் கருதப்படுவதில்லை.

சொல்லுக்கும் விதி உண்டு. மானின் கழிவுக்கு ஒரு பெயர், காட்டுப்பன்றியினுடையதற்கு வேறு பெயர், நீர்நாயினுடையதற்கு இன்னொன்று. வயதுக்கு வயது ஆண் மானின் பெயரும் மாறிக்கொண்டே செல்லும். இவற்றை மயங்க வழங்கியவனை வேட்டைக்காரர் தம் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. சொற்பிழை பொறாத இக்கண்டிப்பு கவிஞர்க்குப் புதிதன்று. குறைவாகப் பேசு, தற்புகழ்ச்சி தவிர், செயலை நுட்பமாகச் செய் என்பதும் இளையோர்க்கு அவர் தரும் அறிவுரை.

இவ்விதிகளுக்கு மற்றொரு முகமும் உண்டு. மான் மேல்குடியினர்க்கே உரியது என்னும் வேலியை நூல் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. இங்கிலாந்தில் 1390இல், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாயுள்ள நிலமில்லாதவர் வேட்டை நாய் வைத்திருக்கலாகாது என்று சட்டம் வந்தது. பிரான்சில் 1396இல் அரச ஆணையொன்று பிரபு குலத்தார் அல்லாதோர்க்கு வேட்டையை மறுத்தது. உழவன் தன் பயிரை மேய்ந்த மானைக் கொன்றால் அது குற்றம். பிரபு அதே வயலில் குதிரைகளை ஓட்டிச் சென்றால் அது கலை. வேட்டையாடுபவன் சோம்பியிருப்பதில்லை, சோம்பலே பாவங்களுக்கு வேர், ஆகவே அவன் சொர்க்கம் புகுவான், நடுவில் இடமில்லையாயினும் அதன் புறநகரிலேனும் இடம் பெறுவான் என்று ஃபேபூஸ் வாதிடுகிறார். நயமான வாதந்தான், உழவனின் சொர்க்கம் பற்றி அதில் பேச்சில்லை.

நூல் எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1388ஆம் ஆண்டின் இறுதியில், கவிஞரும் வரலாற்றாசிரியருமான ஃப்ருவாசார் ஓர்த்தெஸ் வந்து சேர்ந்தார். திரிஸ்தான், எக்தோர், புரூன், ரோலான் எனப் பெயரிய நான்கு வேட்டை நாய்களைப் பிரபுவுக்குக் காணிக்கையாகக் கொணர்ந்தார். நள்ளிரவில், பன்னிரண்டு பணியாளர் தீவட்டி ஏந்தி நிற்க, பிரபு உணவு கொள்வார். அதன்பின் ஃப்ருவாசார் தமது 'மெலியாதோர்' என்னும் நெடுங்காவியத்தைப் படிப்பார். படிக்கும்போது எவரும் வாய் திறத்தல் ஆகாது என்பது பிரபுவின் கட்டளை. ஒரு கவிஞனுக்கு இதைவிட நல்ல அவை வாய்த்தல் அரிது.

அந்த அவையில் ஒரு பேச்சு மட்டும் எழுவதில்லை. பிரபுவின் முறைவழி மகன் எவ்வாறு இறந்தான் என்று ஃப்ருவாசார் வழியிலேயே கேட்டிருந்தார். உடன் வந்தவர் விடை கூற மறுத்துவிட்டார். முதிய பணியாளர் ஒருவரே பின்னர் அதனை மறைவாகச் சொன்னாராம். அவர் சொன்னது இது: மகனுக்கும் காஸ்தோன் என்றே பெயர். கணவனைப் பிரிந்து நவார் நாட்டில் வாழ்ந்த தாயைப் பார்க்கச் சென்ற அவனிடம், தாய்மாமனான நவார் மன்னன் சார்ல் ஒரு சிறு பொடிப்பையைக் கொடுத்தான். தந்தையின் உணவில் இதைத் தூவினால் தாயின் மேல் மீண்டும் அன்பு பிறக்கும், எவரிடமும் சொல்லாதே என்றான். மகன் அதனை மார்பில் மறைத்து வைத்திருந்தான். பிரபுவின் இன்னொரு மகனும் முறைப்படி மணக்காத பெண்ணுக்குப் பிறந்தவனுமான இவேன் அதனைக் கண்டு, விளையாட்டிற் பிறந்த சச்சரவு ஒன்றின்பின் தந்தையிடம் சொல்லிவிட்டான். விருந்தின்போது தந்தை மகனை அருகழைத்துப் பையை அறுத்தெடுத்து, பொடியை அப்பத்தில் தூவி ஒரு நாய்க்கு இட்டார். நாய் இறந்தது. மகன் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு உணவை மறுத்தான். சினந்து அங்கே வந்த தந்தையின் கையில் நகம் திருத்தும் சிறு கத்தி இருந்தது. அதன் முனை மகனின் கழுத்தில் பட்டது. இது நடந்தது 1380இல்.

இக்கதையை வரலாற்றாய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. பேயார்ன் பிரபுக்கள் சிலரும் கலந்த சதி அது என்றும், மகன் அறியாப்பிள்ளை அல்லன் என்றும், கத்தி தற்செயலாகப் பட்டது என்பது பிரபுவைக் காக்கச் சொல்லப்பட்டது என்றும் கருதுவோர் உண்டு. எவ்வாறாயினும், ஒரே முறைவழி மகனைத் தம் கையால் இழந்தவர், ஏழாண்டுகளுக்குப் பின், ஏழு வயதுச் சிறுவனை எவ்வாறு வளர்க்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தார். நூலில் மகனுக்காக ஒரு வரியும் இல்லை. குறிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவுசெய் என்று இளையோர்க்கு விதித்தவர், ஒரு பையையும் ஒரு நாயின் சாவையும் கொண்டே முடிவுசெய்தார் என்று பொருத்திக் காண்பது பின்வந்தோரின் வேலை. ஃபேபூஸ் அவ்வாறு கண்டதாகச் சொல்ல ஆதாரமில்லை. அவர் பெயரால் வழங்கும் பிரார்த்தனைத் தொகுப்பு ஒன்றும் உண்டு. பாவமன்னிப்பை வேண்டும் அக்குரலையும் நாய்களின் பெயர்ப்பட்டியலையும் அக்காலப் படியெடுப்போர் ஒரே கட்டில் சேர்த்து வைத்தனர்.

நூல் விரைவிலேயே கடல் கடந்தது. யார்க் கோமகன் எட்வர்ட் 1406க்கும் 1413க்கும் இடையே இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, தாம் அறிந்த சில அத்தியாயங்களையும் சேர்த்து இளவரசர் ஹென்றிக்குப் படைத்தார். அதே ஹென்றி அரசராகி நடத்திய அஜின்கோர்ட் போரில், 1415இல், எட்வர்ட் மாண்டார். பிரெஞ்சு மூலத்தின் ஓவியப் படிகளுள் சிறந்தது பாரிசில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பெற்ற 87 ஓவியங்கள் அதில் உள்ளன. ஓர் ஓவியத்தில் ஆசான் ஒருவர் இளைஞர்க்குக் கொம்பூதக் கற்பிக்கிறார்.

ஃபேபூஸ் 1391 ஆகஸ்ட் மாதம் கரடி வேட்டை முடித்து உணவுக்குக் கை கழுவும்போது சாய்ந்து உயிர்நீத்தார். முறைவழி மகன் இல்லாமையால் நாடு உறவினர் மாத்தியேவின் கைக்குச் சென்றது. இவேன் பிரெஞ்சு அரசவையை அடைந்தான். 1393 ஜனவரியில், காட்டு மனிதர் வேடத்தில் மன்னருடன் ஆடிய நடனத்தின்போது, சணலும் பிசினும் பூசிய ஆடையில் தீவட்டியின் நெருப்புப் பற்றி அவனும் இறந்தான்.