வாகரைச் சாலையும் வண்டிப் புகையும்

மட்டக்களப்பு நகரின் வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில், ஒருபால் களப்பும் ஒருபால் கடலுமாக அமைந்த நிலப்பகுதி வாகரை. திருகோணமலைக்குச் செல்லும் ஏ-15 நெடுஞ்சாலை இதனூடாகவே செல்கின்றது. இச்சாலையில் நீர் குறுக்கிட்ட இடங்கள் பலவற்றில் முன்னாளில் வண்டிகள் ‘பாதை’ ஏறியே கடந்தன. பிறவூரார் பாதை என்றால் நடந்து செல்லும் வழியைக் கருதுவர்; கிழக்கிலங்கையார்க்கோ அஃது ஆளையும் வண்டியையும் சுமந்து நீரைக் கடக்கும் மிதவையாம். போரின் பின்னர்ப் பாலங்கள் எழுந்தன. 2009 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இன்று இச்சாலையில் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பாதையில் இடம் வேண்டியதில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அஃதின்றி ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. இச்சிறு தாளின் வரலாறு யாதென்பதும், அதனைப் பெறுதற்கு வண்டியை எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டுமென்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

வண்டிப் புகையைச் சட்டம் கண்டிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலன்று. பிரித்தானியாவில் மோட்டார் வண்டிகளுக்குச் சாலையைத் திறந்துவிட்ட 1896 ஆம் ஆண்டுச் சட்டமே, தற்செயலான அல்லது தற்காலிகமான காரணம் பற்றியன்றிப் புகையோ கண்ணுக்குப் புலப்படும் ஆவியோ வெளிவிடாத வண்டியையே ‘இலகு வண்டி’ என ஏற்றுக்கொண்டது. அளவுகோலாக அமைந்தது மனிதனுடைய கண்ணே. கண்ணுக்குப் புலனாகாத புகையும் தீங்கிழைக்கும் என்பதை உலகம் உணர்தற்கு மேலும் அரைநூற்றாண்டு சென்றது.

1943 ஆம் ஆண்டுக் கோடையில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மக்கள் கண்ணெரிவாலும் தொண்டைக் கரகரப்பாலும் வருந்தினர். தொழிற்சாலைகளே காரணமெனப் பலர் கருதினர். கலிபோர்னியாவிற் பணியாற்றிய ஹாகன் சிமிற் என்னும் ஒல்லாந்து நாட்டு இரசாயன அறிஞர், வண்டிகள் எரியாது வெளிவிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் கலந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். அன்றுதொட்டுக் கண்ணுக்குப் பதிலாகக் கருவி நீதிபதியாயிற்று. 1970 இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை வலுப்படுத்தியது. 1975 அளவில் வண்டிகளின் புகைக்குழாயில் ஊக்கிமாற்றி என்னும் உறுப்பு இடம்பெற்றது. ஆனால் இயந்திரத்தின் தட்டொலியை அடக்குவதற்கென 1921 இலே கண்டறியப்பெற்றுப் பெற்றோலிற் கலக்கப்பட்டு வந்த ஈயம் அவ்வூக்கியைப் பாழாக்கிவிடும். ஆகவே ஊக்கிமாற்றி வந்த நாடுகளில் ஈயம் விலகவேண்டியதாயிற்று. இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோலின் விற்பனை 2002 இல் நிறுத்தப்பட்டது.

நிற்க, நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவாம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமே இத்துறைக்கு அடிப்படை. அதன் கீழ் 2003 இல் வண்டிப் புகைக்கான நியமங்கள் வெளியிடப்பட்டன. நியமம் தாளிற் கிடந்த காலம் ஐந்தாண்டு. 2008 நவம்பரில் மேல் மாகாணத்திற் பரிசோதனை தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவிற்று. அவ்வைந்தாண்டிலே வாகரை கண்டது வேறு புகை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. 2006 இன் பிற்பகுதியில் எறிகணை வந்தது. 2007 ஜனவரியில் இப்பகுதி இராணுவத்தின் வசமாயிற்று. ஊரவர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கொழும்பில் வண்டியின் புகைக்குழாயிற் கருவியைச் செருகிப் பார்க்கத் தொடங்கிய நாளில், இங்கு மக்கள் திரும்பி வந்து கூரை வேய்ந்துகொண்டிருந்தனர்.

போர்க்காலம் வண்டிக்குக் கற்பித்த பாடம் பரிசோதனை விதிக்கு நேர்மாறானது. 1990 முதல் வடபுலத்தில் நிலவிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரும்பொருளாயிற்று. பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருட் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இது முற்றிலும் புதிய சூழ்ச்சியுமன்று. இரண்டாம் உலகப்போரை அடுத்து வந்த பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சிலவும் இரு தாங்கிகளோடு இம்முறையிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தன. ஆயினும் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாத துளிகள் உருளையின் சுவரிலே வழிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிலும் வால்விலும் கரி படியும். பின்னே வெண்புகை மணக்கும். அக்காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை வியவாதிருத்தல் இயலாது. வண்டி ஓடுவதொன்றே அவர்கள் எதிர்கொண்ட பரிசோதனை.

இன்றைய பரிசோதனையோ வேறு. பெற்றோல் வண்டியை ஓய்வுச் சுழற்சியில் நிறுத்திக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படும். முன்னது மிகுந்தால் எரிபொருள் கூடிக் காற்றுக் குறைந்தது என்க. அடைபட்ட எயார் பில்ற்றர், ஒழுங்கு தவறிய காபரேற்றர், செயலிழந்த ஒட்சிசன் உணரி ஆகியவற்றை முதலில் நோக்குதல் வேண்டும். பின்னது மிகுந்தால் எரிதலே நிகழாது சில அடிப்புத் தவறுகின்றது என்க. பிளக்கின் இடைவெளி, உயர் அழுத்த வயர், தீப்பொறி நேரம் என்பன ஐயத்துக்குரியன. சைலன்சரில் ஓட்டையிருப்பின் வெளிக்காற்றுப் புகுந்து கருவியின் கணிப்பைப் பிறழச் செய்யும். அதனை அடைத்தல் வேண்டும். பழைய இயந்திர எண்ணெயை மாற்றுதலும் நன்று; அதிலே கரைந்த எரிபொருளின் ஆவி மீண்டும் உருளைக்குள் இழுபட்டு அளவை உயர்த்துவதுண்டு.

டீசல் வண்டிக்குச் சோதனை கடுமையானது. வண்டி நின்றபடியே வேகமிதியைத் திடீரென முழுவதும் மிதித்து, இயந்திரத்தை அதன் உச்சச் சுழற்சிக்குப் பலமுறை உயர்த்திப் புகையின் இருள் அளக்கப்படும். நைந்த ரைமிங் பெல்ற்றுடனும் குறைந்த எண்ணெயுடனும் செல்வோர் சான்றிதழுக்குப் பதிலாக உடைந்த இயந்திரத்துடன் திரும்பக்கூடும். ஆதலால் எண்ணெய், குளிர்நீர், பெல்ற்று ஆகியவற்றைப் பார்த்த பின்னரே புகையைப்பற்றிச் சிந்தித்தல் முறை. கரும்புகையாயின் இன்ஜெக்டரும் காற்று வழியும் குற்றவாளிகள். நீலப்புகையாயின் எண்ணெய் எரிகின்றது. சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகையாயின் எரியாத டீசலோ குளிர்நீரோ கலந்து வருகின்றது. நிறத்தைக் கொண்டு நோயறிதலில் நம் பழைய மெக்கானிக் கருவிக்குச் சளைத்தவரல்லர்.

பரிசோதனைக்கு முதனாள் டீசல் பம்பின் திருகைக் குறைத்து, மறுநாள் பழையபடி கூட்டிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. இதனைச் சாமர்த்தியமெனப் பாராட்டுவாருமுளர். சான்றிதழ் ஒருநாட் புகைக்கே சாட்சி. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளை சுவாசிப்பது ஏனைய 364 நாட் புகையையன்றோ! எனினும் முழுப் பழியையும் வண்டிக்காரர் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அத்தடை நீங்கியது 2025 இலேயே. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் வண்டிகள் யாவும் முதுமையடைந்தன, உதிரிப்பாகங்கள் விலையேறின. செல்வர்க்கு ஊக்கிமாற்றியைப் புதுப்பித்தல் ஒரு செலவு. முச்சக்கரவண்டிக்காரர்க்கு அதுவே ஒரு பருவத்தின் உழைப்பு.

எரிபொருளின் விலையும் புகையின் வரலாற்றிற் பங்குடையது. மண்ணெண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு மலிவாய் இருக்கும்போது ஒன்றோடொன்று கலக்கும் ஆசை வளரும். கலந்ததை அறியாது வாங்கியவர் பரிசோதனையில் தோற்பர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கலப்படத்தின் இலாபம் அதனாற் குன்றியது உண்மை. ஆனால் மண்ணெண்ணெயை நம்பியிருந்தவை அடுப்பும் விளக்கும் மட்டுமல்ல. கரையோரத்து மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களும் அதிலேயே ஓடின. வாகரைக் கரையில் இன்றும் சிறிது பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் படகைக் காணலாம். தடைக்காலத்து மெக்கானிக்கின் கல்வி சாலையை விட்டுக் கடலேறியது போலும். சாலைப்புகையைத் திருத்திய அதே விலை கடலுக்குப் போவோரின் செலவை ஒரே இரவில் நான்கு மடங்காக்கிற்று.

ஆயத்தத்திற் கடைசியானதும் செலவற்றதுமான ஒன்று எஞ்சியுள்ளது. ஊக்கிமாற்றி நன்கு சூடேறிய பின்னரே தொழிற்படும்; குளிர்ந்த இயந்திரமும் எரிபொருளை மிகுதியாகவே உண்ணும். வீட்டு வாசலிலே கிளப்பி அடுத்த தெருவிலுள்ள நிலையத்துக்குச் சென்ற நகரத்து வண்டி தோற்பதும், நெடுந்தூரம் ஓடிவந்த வண்டி தேறுவதும் இதனாலேயே. வாகரையிலிருந்து தெற்கே செல்லும் வண்டிக்குத் தொலைவே இவ்வகையில் ஓர் உதவி. வரிசையில் நிற்கும்போது இயந்திரத்தை நெடுநேரம் நிறுத்தி ஆறவிடாதிருந்தாற் போதும்.