நயினியப்ப பிள்ளையும் நம் மனச்சான்றும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து புதுவைக்குத் திருப்பயணமாகவோ வேறு அலுவலாகவோ செல்லும் நாம், அந்நகரின் நேரிய தெருக்களையும் ஆலயங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். அத்தெருக்களில் ஒருகாலத்தில் நீதி இடறி விழுந்த வரலாற்றை நம்முள் அறிந்தோர் சிலரே.

சென்னையிலிருந்து புதுவையில் குடியேறிய வணிகர் நயினியப்ப பிள்ளை 1708-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகரானார். அது வெறும் வணிகப் பதவி அன்று. நெசவுத் துணிகளைத் திரட்டுவதும், உள்நாட்டு ஆட்சியாளரோடு பேசுவதும், நகரத் தமிழரின் குறைகளை ஆளுநருக்கு எடுத்துரைப்பதும் அவர் வழியாகவே நடந்தன. அவர் இந்து. அவருக்கு முன் அப்பதவி ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் இருந்தது. எனவே மீண்டும் ஒரு கிறிஸ்தவரே அதில் அமர வேண்டுமென இயேசு சபைக் குருக்கள் வற்புறுத்தி வந்தனர். ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அவர் விருந்திட்டு ஜெபமாலைகள் வழங்கியதும் குற்றமாகவே பேசப்பட்டது.

1716-இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கொடுங்கோன்மை, கலகம் தூண்டுதல் என்பன குற்றச்சாட்டுகள். அவர் அறியாத பிரெஞ்சு மொழியில் பதிவுகள் எழுதப்பட்டன. மொழிபெயர்த்தவரோ இயேசு சபையாரின் உபதேசியார் ஒருவரின் மகன். 50 சவுக்கடி, 3 ஆண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம், பின்பு நாடுகடத்தல் எனத் தீர்ப்பாயிற்று. கடைத்தெருவில் அடிபட்ட அம்மனிதர் 1717-இல் சிறையிலேயே உயிர்நீத்தார். அவர் இடத்தில் கிறிஸ்தவரான கனகராய முதலியார் அமர்த்தப்பட்டார்.

ஆனால் உண்மை புதைந்துவிடவில்லை. பாரீசு வேதபோதக சபைக் குருக்கள் அவருக்காக வாதாடினர். பிள்ளையின் மைந்தர்கள் பிரான்சுக்கு முறையிட்டனர். சில ஆண்டுகளில் தீர்ப்பு நீக்கப்பட்டு, இறந்தவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். எபேர் பதவி இழந்தார். மகன் குருவப்ப பிள்ளை பாரீசு சென்று திருமுழுக்குப் பெற்று, புனித மிக்கேல் வீரர் பட்டமும் பெற்று, 1722-இல் தந்தையின் பதவியில் அமர்ந்தார், 1724-இல் இறந்தார்.

இவ்வரலாற்றில் குருக்கள் இருபுறமும் நின்றனர் என்பது நம் சிந்தைக்குரியது. மறைப்பற்று ஒரு தரப்பாரை அநீதிக்குத் துணைபோகச் செய்தது; மற்றொரு தரப்பார் பிறசமயத்தவர் ஒருவருக்காக வாய் திறந்தனர். இன்றும் வேலைக்கோ பதவிக்கோ பரிந்துரை நாடி ஒருவர் நம் இல்ல வாயிலில் நிற்கையில், "தகுதியுள்ளவரா?" என்று கேட்குமுன் "நம்மவரா?" என்னும் வினாவே நம் நாவில் எழுகிறதன்றோ? குருவாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். அவ்வேளையில் புதுவைச் சிறையில் மாண்ட அம்மனிதரை நினைவுகூர்வது நமக்கு நலம் பயக்கும்.