துறைமுகத்தின் பெயர்

ஜப்பானின் இமாரிப் பீங்கானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அது இமாரியில் செய்யப்பட்டதல்ல என்பதுதான். இமாரி, சரக்கு கப்பலேறிய துறைமுகம். வெள்ளை வெளேரென்ற தட்டில் நீலக் கொடியும் சிவப்புப் பூவும் பொன் ரேகையுமாக மின்னும் அந்தப் பாத்திரங்கள் பிறந்தது அரிட்டா என்னும் மலையூரில். செய்த ஊர் ஒன்று. பேர் வாங்கியது வேறொன்று!

செய்தவர்கள் யார் என்று கேட்டால், கதை கொரியாவுக்குப் போகிறது. 1592-லும் 1597-லும் ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைத் தாக்கின. நாடு வசப்படவில்லை. 1598-ல் அவர் இறந்ததும் படைகள் திரும்பின. ஆனால் பிரபுக்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. கொரியக் குயவர்களைக் கொண்டுவந்தார்கள். அந்த யுத்தத்துக்குப் 'பாண்ட யுத்தம்' என்றே ஒரு பெயர் உண்டு. நபேஷிமா நவோஷிகே என்ற பிரபுவின் ஆட்கள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் யீ சாம் பியோங். 1616-ஆம் ஆண்டு வாக்கில் அரிட்டாவின் இஸுமியாமாவில் பீங்கானுக்கேற்ற வெண்கல்லை அவர் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்குமுன் ஜப்பானில் அருமையான மண்பாண்டங்கள் உண்டு. பீங்கான் தொழில் இல்லை.

ஆரம்பத்தில் நீலச் சித்திரம் மட்டுமே. நீலம் மெருகுக்கு அடியில் இருந்து பெருநெருப்பைத் தாங்கும். சிவப்பும் பச்சையும் தாங்கா. ஆகவே, சுட்டெடுத்த பாத்திரத்தின் மெருகின்மேல் அவற்றைத் தீட்டி, மிதமான சூட்டில் மறுபடியும் சுட வேண்டும். 1640-களில் இந்த வித்தை கைகூடியது. காக்கியேமோன் என்ற கலைஞரின் பெயர் அதனால் நிலைத்தது.

1644-ல் சீனாவில் மிங் வம்சம் வீழ்ந்தது. கலகத்தில் சீனப் பீங்கான் வரத்துக் குறைந்தது. டச்சு வியாபாரிகள் அரிட்டாவை நாடினார்கள். 1659 முதல் ஏற்றுமதி பெருகிற்று. ஐரோப்பிய மன்னர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். 1710-ல் தோன்றிய ஜெர்மனியின் மைஸன் தொழிற்சாலை, காக்கியேமோன் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியது.

யீ 1655-ல் அரிட்டாவிலேயே காலமானார். அந்த ஊர்த் தோஸான் ஆலயத்தில் அவரையும் தெய்வமாக வணங்குகிறார்கள். நபேஷிமா நவோஷிகேயையும் வணங்குகிறார்கள். கொண்டுவந்தவரும் கொண்டுவரப்பட்டவரும் ஒரே சந்நிதியில்! 1917-ல் குன்றின்மேல் யீக்கு ஒரு நினைவுத் தூணும் எழுப்பினார்கள்.

இது நன்றியா, பிராயச்சித்தமா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிறந்த மண்ணை இழந்தவனுக்குக் கோயில் ஈடாகுமா? இமாரித் தட்டின் அழகைக் காணும்போதெல்லாம் இந்தக் கேள்வியையும் சேர்த்தே காண்கிறேன்.