"பரையா" என்றொரு ஆங்கிலச் சொல்

ஆங்கில நாளிதழ் படிப்பவர்கள் 'பரையா ஸ்டேட்' என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். உலக நாடுகள் சேர்ந்து ஒதுக்கி வைத்த நாட்டை அப்படி எழுதுகிறார்கள். எல்லோரும் வெறுத்துத் தள்ளியவன், கிட்டே சேர்க்கத் தகாதவன் என்று பொருள். ஒருவரைச் சாடுவதற்கு இதைவிடக் கடுமையான சொல் ஆங்கிலத்தில் குறைவு.

ஆலத்தூர் நாட்டில் என்னிடம் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண் ஒருத்தி, "சார், இது லத்தீனா கிரேக்கமா?" என்று கேட்டாள். தமிழம்மா என்றேன். நம்பவில்லை.

பறையர் என்ற நம் மக்களின் பெயர்தான் அது. பறை என்னும் கருவியை ஒட்டி வந்த பெயர் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். பழந்தமிழில் பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். இதில் இழிவு எங்கே இருக்கிறது? அந்த மக்களிலும் பறை அடித்தவர்கள் ஒரு பகுதியினரே. வயலில் உழைத்தவர்கள்தான் மிகுதி.

1516 வாக்கில் துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியர் தம் நூலில் இப்பெயரைக் குறித்தார். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது. இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும்கூட அதையே அடைமொழியாக்கினார்கள். பிரான்சில் 1821இல் 'பரியா' என்ற பெயரில் கசிமீர் தெலவீஞ் எழுதிய நாடகமே மேடை ஏறியது. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் யூதர்களை அந்தச் சொல்லால் விளக்கினார். 1944இல் ஹன்னா ஆரென்ட் என்ற யூதப் பெண்மணி தம் மக்களைப் பற்றிய கட்டுரைக்கு அதையே தலைப்பில் வைத்தார். இப்படி ஊர் ஊராகச் சுற்றியதில், அது ஒரு மக்களின் பெயர் என்பதே மறைந்துபோனது.

இங்கே அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே வேண்டாம், நாங்கள் பூர்வத் தமிழர் என்றார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலை நிமிர்ந்து சொல்வது அவர் வழி. ஒரே குடும்பத்தில் இரண்டு எதிரெதிர் வழிகள்! எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. பிறகு 1922இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, அரசுப் பதிவுகளில் ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது.

சென்னை அரசு 1922இலேயே விட்ட சொல்லை ஆங்கிலப் பத்திரிகைகள் இன்னும் விடவில்லை. எழுதுகிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அந்த நாளிதழை நம் வகுப்பறையில் உரக்க வாசிக்கும்போது, அது தன் பாட்டனின் பெயர் என்று அறிந்த பிள்ளை ஒன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஆங்கிலம் கற்பிக்கும் இளைய ஆசிரியர்கள் பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். சொல் வந்த கதையையும் சொல்லுங்கள். தமிழில் எழுதும்போது 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுதினால் போதும்.