பாதையோரத்து மக்கள்

ஸ்பெயின் நாட்டின் வடபுலத்தே, பக்தர்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதை ஒன்றுண்டு. அதன் முடிவில் சாந்தியாகோ நகரம். ஏசுவின் சீடர் யாக்கோபின் எலும்புகள் அங்கே துயில்கின்றன என்பது நம்பிக்கை. எருசலேமில் வெட்டுண்டு மாண்டவரின் உடல் ஸ்பெயினின் மேற்குக் கோடிக்கு எப்படி வந்தது? ஓடத்தில் மிதந்து வந்ததாம்! கல்லறை 'கண்டுபிடிக்கப்பட்டது' ஒன்பதாம் நூற்றாண்டில். போகட்டும், எலும்பாராய்ச்சி இன்று வேண்டாம். அந்தப் பாதையில் ஒரு நாள் வழியை மட்டும், புயந்தே லா ரெய்னா ஊரிலிருந்து எஸ்தெல்லா நகர் வரையுள்ள ஏறத்தாழ 22 கிலோமீட்டரை, வரலாற்றின் துணைகொண்டு நடந்து பார்ப்போம்.

காலையில் நம்மை வழியனுப்புவது அர்கா ஆற்றின்மேல் நிற்கும் கற்பாலம். பதினோராம் நூற்றாண்டிலே யாத்திரிகருக்காகக் கட்டப்பட்டது. ஊரின் பெயருக்கே 'அரசியின் பாலம்' என்றுதான் பொருள். எந்த அரசி என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அரசியின் பெயரே மறைந்தபோது கல் சுமந்தோன் பெயரை எங்கே தேடுவது? ஆனால் ஒன்று உறுதி: வெள்ளத்தைக் கடத்தி வைத்தது யாக்கோபின் அருளன்று, கொத்தனின் உளி.

மாஞேரு, சிராவ்கி என்னும் சிற்றூர்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து லோர்க்காவை நெருங்கினால் சலாதோ ஆறு குறுக்கிடும். இங்கே சற்று நிற்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்பாதைக்கு எழுதப்பட்ட வழிநூல் ஒன்று இந்த ஆற்றை நஞ்சென்கிறது. கரையிலே நவாரர் இருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தனராம். நீர் நல்லதென்று பொய் கூறினராம். குடித்த குதிரைகளில் இரண்டு அப்போதே மாண்டனவாம். அவ்விருவரும் அங்கேயே தோலை உரித்தனராம்! சலாதோ என்றாலே உவர்ப்பு என்று பொருள். வாய் வைத்த மாத்திரத்தில் உயிர் குடிக்கும் உவர்நீர் உண்டோ?

கதையை நம்புமுன் கதை சொன்னவரைப் பார்ப்போம். அவர் பிரெஞ்சு நாட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நவாரர்களை அவர் வசைபாடியதற்கு அளவில்லை. உண்பது விலங்குபோல், பேசுவது நாய் குரைப்பதுபோல் என்றெல்லாம் எழுதினார். புனிதப் பயணம் போனவரின் உள்ளத்தில் ஊறிய அன்பு இவ்வளவே! அவர் இகழ்ந்தது பாஸ்க் மொழியை. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சேராமல், சூழ்ந்த பெருமொழிகளுக்கிடையே தனித்து நின்ற தொன்மொழியை. விந்தை என்னவெனில், குரைப்பு என்ற அதே கை, அம்மொழியில் அப்பத்துக்கும் மீனுக்கும் வீட்டுக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதிவைத்தது. பாஸ்க் சொற்களின் மிகப் பழைய பட்டியல்களுள் ஒன்று அதுவே. பசி வந்தபோது குரைப்பும் மொழியாகிவிட்டது போலும்!

மாலையில் எஸ்தெல்லா. அப்பம், மது, இறைச்சி, மீன் அனைத்தும் நல்லவை என்று வழிநூல் மெச்சிய ஊர். 1090இல் மன்னன் சாஞ்சோ இராமிரெஸ், யாத்திரிகர் வாணிபத்தைக் கருதி, பிராங்கியக் குடிகளுக்கு உரிமைகள் தந்து உருவாக்கிய நகரம். மண்ணின் மைந்தனுக்கோ? மன்னனும் நகரத்தாரும் இசைந்தாலன்றி நவாரன் எவனும் குடியேறலாகாது என்று 1164ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் விதித்தது. தன் நாட்டிலேயே அயலான்!

யூதர்கள் பட்டது இதனினும் கொடிது. 1145இல் அவர்களுடைய தொழுகைக்கூடம் பாம்பலோனா ஆயருக்குக் கொடுக்கப்பட்டு மாதா கோயிலாயிற்று. 1328 மார்ச்சில், மன்னன் மாண்டு அரியணை வெறுமையாயிருந்த வேளையில், கும்பல் யூதர் குடியிருப்பில் பாய்ந்து கொன்று குவித்தது. தூண்டியவர்களுள் துறவி ஒருவரும் இருந்தார்.

இன்று அந்நகரின் பெயர்ப்பலகையில் எஸ்தெல்லாவோடு லிசார்ரா என்ற பாஸ்க் பெயரும் நிற்கிறது. வழிநூலார் கேட்டெழுதிய 'எச்செயா' என்னும் சொல்தான், அம்மொழியில் வீட்டுக்கு இன்றும் பெயர்.